செல்லோ கலைஞரின் விரிவுரைக் கச்சேரி: துண்டுகளின் வரிசை, சுருதி மாற்றம், மைக் பற்றி யோசனை தேவை

மேடைப்பொறுப்பு (கேள்வி)

வணக்கம். செல்லோ வாசிப்பவரும் தற்கால மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஆய்வு செய்பவருமான ஒருவர் எங்கள் அரங்குக்கு விருந்தினராக வருகிறார். நிகழ்ச்சி 90 நிமிடம். பேச்சும் அவரே, வாசிப்பும் அவரே. 120 இருக்கை. வருபவர்களில் பெரும்பாலோர் பாக், பீத்தோவன், பிராம்ஸ் வரை நன்றாகக் கேட்டவர்கள். அதற்கு அப்பால் காலடி வைத்ததில்லை.

அவர் அனுப்பியிருக்கும் நிரல் ஆண்டு வரிசையில் இருக்கிறது. ஹெல்முட் லாஹென்மானின் ‘ப்ரெஸியோன்’ (1969–70), சோஃபியா குபைதுலினாவின் பத்து பிரெலூடுகளிலிருந்து (1974) இரண்டு, ஆன்ரி துதியே, இசை நடத்துநர் பால் சாஹரின் பெயரை வைத்து எழுதிய மூன்று ஸ்ட்ரோஃப்கள் (1976–82), கையா சாரியாஹோவின் ‘பெட்டல்ஸ்’ (1988), கடைசியில் கேள்வி நேரம். ‘பெட்டல்ஸ்’ மின்னணுக் கருவிகளோடு.

இந்த வரிசை புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒத்துவருமா? சில துண்டுகளுக்குத் தந்திகளின் சுருதியை இறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார், அதற்கு இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும்? பேச்சுக்கு ஒரு மைக், செல்லோவுக்கு ஒரு மைக் போதுமா? இசைத்தாளைத் திரையில் போடலாமா? மேடையில் நான் யோசிக்காமல் விட்டது ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

நாலாந்தந்தி

ஆண்டு வரிசை காகிதத்தில் பார்க்க ஒழுங்காக இருக்கும். மேடையில் அது இரண்டு இடத்தில் இடிக்கும், ஒன்று காது, இன்னொன்று பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் திருகு.

முதலில் காது. ‘ப்ரெஸியோன்’ துண்டில் வழக்கமான ஸ்வரம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தந்தியின் மேல் விரல் நுனி வழுக்குவது, வில் மயிரைத் தேய்ப்பது, குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) கீழே இழுப்பது, அளவுக்கு மீறி அழுத்தி நறநறவென்று அரைப்பது, இவைதான் அங்கே இசைப்பொருள். பிராம்ஸ் கேட்ட காதோடு உள்ளே வந்து உட்கார்ந்த மூன்றாவது நிமிடத்தில் இதைக் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் கிடைக்காது. ஒன்று சிரிப்பார், இல்லை கோபப்படுவார். இரண்டிலும் அவர் மேல் தப்பில்லை.

அந்தக் கைப்பிடியைக் குபைதுலினா கொடுப்பார். அந்தப் பத்து பிரெலூடுகளில் ஒவ்வொன்றின் தலைப்பும் ஒரு வாசிப்பு முறையின் பெயர். ஐந்தாவது, வில் குதிரையை ஒட்டி ஆரம்பித்து, வழக்கமான இடத்துக்கு வந்து, விரல்பலகை மேல் போவது. பத்தாவதன் தலைப்புக்கு ‘வில் இல்லாமல், மீட்டல் இல்லாமல்’ என்று பொருள். விருந்தினர் எந்த இரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஐந்தும் பத்தும் இல்லையென்றால் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். ஐந்தாவது முடியும்போது, ஒரே ஸ்வரத்துக்குள் கண்ணாடிக் கீறலும் புல்லாங்குழலும் இருக்கின்றன என்பதை அரங்கம் தானாகவே கேட்டிருக்கும். பத்தாவது முடியும்போது, வில்லைத் தொடாமலே செல்லோ பேசும் என்பது தெரிந்திருக்கும். அதற்கு அடுத்து ‘ப்ரெஸியோன்’ வந்தால் அது தொடர்ச்சியாகவே காதில் விழும்.

இப்போது பிரடை. செல்லோவின் நான்கு தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. துதியேவின் துண்டில் சி தந்தி பி ஃப்ளாட்டுக்கும் ஜி தந்தி எஃப் ஷார்ப்புக்கும் இறங்க வேண்டும். ‘ப்ரெஸியோன்’ துண்டும் மாற்றுச் சுருதியில்தான், ஆனால் வேறு மாற்று. நிரலில் இருக்கும் வரிசைப்படி போனால் இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு, மறுபடி ஏற்று என்று ஆகும். இதில் தவறு நடக்கும் இடங்கள் இவை.

புதிதாக இறக்கிய தந்தி சும்மா இருக்காது, மெல்ல மேலே ஊர்ந்து வரும். புதிதாக ஏற்றிய தந்தி கீழே இறங்கும். நன்றாக நிலைகொள்ளப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், ஏற்றிய தந்திக்கு இன்னும் கூட. அதனால் ஒரே செல்லோ என்றால் இயல்புச் சுருதித் துண்டுகள் முன்னாலும் இறக்கியவை பின்னாலும் வருவதே நல்லது.

ஒரு தந்தியை இறக்கினால் மேற்பலகை மேல் இருக்கும் மொத்த அழுத்தம் குறையும். மற்ற மூன்றும் ஒரு மயிரிழை ஏறிவிடும். சி தந்தியை மட்டும் சரி பார்த்துவிட்டு உட்காருபவர் முதல் இரட்டைத் தந்திப் பிடியிலேயே மாட்டிக்கொள்வார். நான்கையும் இரண்டு சுற்று பார்க்க வேண்டும்.

டெயில்பீஸில் (தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் துண்டு) இருக்கும் நுண்திருகுகளை வைத்தே இறக்கப் பார்ப்பார்கள். முழு ஸ்வரத்துக்கு அது போதாது. தளர்த்தித் தளர்த்தி விளிம்புக்கு வந்த திருகு சில ஸ்வரங்களில் கிர்ர் என்று அதிரும். பிரடையில் இறக்கி, நுண்திருகை நடுவில் வைத்துக்கொள்வதுதான் முறை.

தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் ட்யூனர் அரங்கச் சத்தத்தில் குழம்பாது, மர அதிர்வைத்தான் படிக்கும். ஆனால் திறந்த சி தந்தி 65 ஹெர்ட்ஸ்தான், சில கிளிப்புகள் அதைப் பிடிக்காமல் தடுமாறும். தந்தியின் பாதியில் விரலை லேசாக வைத்து ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே ஒலிக்கவிட்டுப் பார்த்தால் முள் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு தந்தியும் எந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் வரிசை பாதி தானே அமைந்துவிடும். இரண்டாவது செல்லோ ஒன்று கிடைத்தால் இந்தத் தலைவலி முக்கால்வாசி போய்விடும்.

பக்கம்புரட்டி

வரிசையில் நாலாந்தந்தி சொன்னதை ஏற்கிறேன். பேச்சைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி விரிவுரைகள் வாசிப்பில் கெடுவதில்லை, முதல் இருபது நிமிடப் பேச்சில்தான் கெடுகின்றன.

வழக்கமாக நடப்பது இது: 1908இல் ஷோன்பெர்க், பிறகு பன்னிரு ஸ்வர முறை, டார்ம்ஸ்டட், தொடர்முறை, தற்செயல் இசை, ஸ்பெக்ட்ரல் இசை. ஆறு பள்ளிகள், முப்பது பெயர்கள், ஒரு ஒலிகூட இல்லை. கேட்பவர் பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பார், காது தூங்கிவிடும். ஆய்வாளர்களுக்கு இது ஒரு தொழில் வியாதி. விருந்தினரிடம் மரியாதையாகச் சொல்லலாம்: ‘முதல் வாக்கியத்துக்கு முன்னால் முதல் ஒலி வரட்டும்.’

நிரலில் இருக்கும் துண்டுகளைக் கோக்க அருமையான நூல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ‘ப்ரெஸியோன்’ என்றால் அழுத்தம். வில் அழுத்தம் என்ற ஒரே விஷயத்தை வைத்து நிகழ்ச்சி முழுவதையும் நடத்திவிடலாம்.

வில் இழுக்கும்போது தந்தி மயிரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்து, சட்டென்று நழுவி, மறுபடி ஒட்டும். ஓர் அதிர்வுக்கு ஒரு நழுவல் என்று நடந்தால் நமக்குப் பழகிய செல்லோ நாதம். அழுத்தம் போதாவிட்டால் ஓர் அதிர்வுக்குள் இரண்டு நழுவல் விழும், ஒலி மேலோட்டமாக, புகை போல இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் தந்தி நழுவ வேண்டிய நேரத்தில் நழுவ முடியாமல் மாட்டிக்கொள்ளும், ஒழுங்கு கெட்டு நறநறப்பு வரும். இந்த இரண்டு எல்லைகளையும் வரைபடமாகக் காட்டியவர் ஜான் ஷெல்லெங், 1973இல். வில்லுக்கும் குதிரைக்கும் உள்ள தூரம் குறையக் குறைய இரண்டு எல்லையும் உயரும். மேல் எல்லை தூரத்துக்கு எதிர் விகிதம், கீழ் எல்லை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம். அதனால் கீழ் எல்லைதான் வேகமாக ஏறும். குதிரையை ஒட்டி வாசிக்கும்போது நல்ல நாதம் கிடைக்கும் இடைவெளி குறுகிப்போவது அதனால்தான். அந்த ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு, ஒரு புள்ளியைக் காட்டிக் காட்டி அவர் வாசித்தால் நாலு நிமிடம் போதும். ஐந்தாவது பிரெலூட் அந்தப் படத்தில் கிடைமட்டப் பயணம். ‘ப்ரெஸியோன்’ அந்தப் படத்தின் எல்லைக்கு வெளியே குடியிருக்கிறது. சாரியாஹோ இரைச்சலுக்கும் தூய நாதத்துக்கும் நடுவே ஓர் அச்சு வைத்து, இசைவு இசைவின்மை செய்த வேலையை அந்த அச்சிடம் கொடுத்தவர். ‘பெட்டல்ஸ்’ கேட்கும்போது வில் எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம்.

இதில் பொருந்தாமல் நிற்பது துதியே. நல்ல இசை, சந்தேகமே இல்லை. 1976இல் பால் சாஹரின் 70ஆம் பிறந்தநாளுக்குச் செல்லோ கலைஞர் ரொஸ்ட்ரோபோவிச் 12 இசையமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கிய துண்டுகளில் ஒன்று. சாஹர் என்ற பெயரின் (Sacher) ஆறு எழுத்துகளும் ஜெர்மன், பிரெஞ்சு ஸ்வரப் பெயர்கள் வழியாக ஸ்வரங்களாகின்றன: ஈ ஃப்ளாட், ஏ, சி, பி, ஈ, டி. ஆனால் அது எழுத்து விளையாட்டின் கதை, அழுத்தத்தின் கதை இல்லை. பத்து நிமிட இசை, எட்டு நிமிட விளக்கம், கூடவே ஒரு சுருதி மாற்றம். நானாக இருந்தால் எடுத்துவிடுவேன்.

சாரியாஹோவுக்கு முன்னால் ஒரு சின்னச் செய்முறை சேர்க்கலாம். செல்லோவில் குதிரைக்கும் மேல் முனைக்கும் இடையே தந்தி நீளம் சுமார் 69 செ.மீ. அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது மேல் முனையிலிருந்து சுமார் 9.9 செ.மீ., அங்கே சி தந்தியை லேசாகத் தொட்டால் ஏழாவது மேற்சுரம் (திறந்த தந்தியைப் போல ஏழு மடங்கு அதிர்வுள்ள சுரம்) வரும், 458 ஹெர்ட்ஸ். பியானோவில் பக்கத்திலிருக்கும் பி ஃப்ளாட் 466. வித்தியாசம் 31 சென்ட் (பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்), சாதாரணக் காதுக்கே தெரியும். பதினொன்றாவது மேற்சுரம் 6.3 செ.மீ.யில் கிடைக்கும், 719 ஹெர்ட்ஸ். பியானோவின் எஃப் ஷார்ப்பிலிருந்து அது கிட்டத்தட்டக் கால் ஸ்வரம் தள்ளி நிற்கும். பியானோவும் செல்லோவும் மாறி மாறி ஒலித்தால், கால் ஸ்வரங்கள் யாரோ வேண்டுமென்றே நுழைத்த கோணல் இல்லை, ஒரே தந்திக்குள் ஏற்கெனவே இருப்பவை என்பது புரிந்துவிடும். மேற்சுரங்களை அடிப்படையாக வைத்து எழுதும் ஸ்பெக்ட்ரல் இசை பற்றி அரை மணி நேரம் பேசினாலும் இது கிடைக்காது. பதினொன்றாவது எளிதில் நழுவும். வில் குதிரையை ஒட்டி இருக்க வேண்டும், விரல் அழுத்தவே கூடாது.

இசைத்தாள்: திரையில் காட்டத்தான் வேண்டும், குறிப்பாக ‘ப்ரெஸியோன்’. அதில் எழுதியிருப்பது என்ன ஒலிக்கும் என்பதில்லை, எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது. குதிரையும் விரல்பலகையும் டெயில்பீஸும் வரைந்த ஒரு சின்னச் செல்லோப் படமே அங்கே கிளெஃப் (வரியின் தொடக்கத்தில் வரும் ஸ்வரக்குறி). 2010இல் திருத்திய பதிப்பும் உண்டு, எதிலிருந்து வாசிக்கிறாரோ அதையே காட்டுங்கள். ஒரு பக்கம் போதும். முழுத் தாளையும் ஓடவிட்டால் அரங்கம் வாசிக்க ஆரம்பித்துவிடும், கேட்காது. நிரலில் இருக்கும் நான்கும் காப்புரிமையில் உள்ளவை. திரையில் போடவும், பதிவு செய்து வெளியிடவும் பதிப்பகத்திடம் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். மேடையில் வாசிப்பதற்கான உரிமம் அதிலிருந்து வேறு.

ஒலிமேசை

மைக் கேள்விக்கு வர்றேன். ரெண்டு மைக் போதாது, மூணு வேணும். ஏன்னு சொல்றேன்.

பேச்சுக்கு: சட்டையில் குத்துற மைக் வேண்டாம். செல்லோ நெஞ்சில் சாயும் இடமும் அந்த மைக் இருக்கும் இடமும் ஒண்ணுதான். கட்டை இடிக்கும், துணி உரசும், திரும்பினா குரல் போயிடும். காதில் மாட்டி வாயோரம் வர்ற ஹெட்செட் மைக்தான் சரி. கையில் பிடிக்கும் மைக்கைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், அவருக்குக் கை ரெண்டுதான்.

அவர் வாசிக்க ஆரம்பிச்சதும் அந்த ஹெட்செட்டை மூடிடணும். திறந்தே இருந்தா ரெண்டு கெடுதல். மூச்சுச் சத்தம் ஸ்பீக்கர்ல கேட்கும். அதைவிட மோசம், அதே செல்லோ ரெண்டு மைக்ல ரெண்டு தூரத்தில் விழும். 34 செ.மீ. வித்தியாசத்துக்கு 1 மில்லிசெகண்ட் தாமதம். ரெண்டும் கலந்தா சில அலைவரிசைகள் ஒண்ணையொண்ணு தின்னுடும், செல்லோ டப்பாக்குள்ள வச்ச மாதிரி ஆயிடும். அதனால மேசையில் ஒரு ஆள் உட்கார்ந்து பேச்சு, வாசிப்புன்னு விரலால மாத்திக்கிட்டே இருக்கணும். செய்முறை விளக்கத்தில் பத்து விநாடிக்கு ஒரு தடவை மாறும், சத்தம் குறைஞ்சா மைக்கைத் தானா மூடுற கேட்டை (gate) நம்பாதீங்க, வார்த்தையோட முதல் எழுத்தை வெட்டிடும்.

செல்லோவுக்கு: ‘பெட்டல்ஸ்’ வாசிக்க உடம்பில் கிளிப் மாட்டுற கண்டென்சர் மைக், குதிரைக்குப் பக்கத்தில். இதுதான் ரிவெர்ப்புக்கும் (எதிரொலி சேர்க்குறது) ஹார்மனைசருக்கும் (சுருதியை மாத்துறது) போகணும். தள்ளி நிற்கும் மைக்கை அதுக்குக் கொடுத்தா, ஸ்பீக்கர்ல வந்த ரிவெர்ப் மறுபடி மைக்ல விழுந்து, மறுபடி ஹார்மனைசருக்குள்ள போய், சுத்திச் சுத்திப் பெருகும். ஊளையிடுறதுக்கு முன்னாடியே ஒலி குழம்பிடும். மூணாவது, பதிவுக்கு ஒரு ஸ்டாண்ட் மைக், குதிரையிலிருந்து 50, 60 செ.மீ. தள்ளி. கண்டென்சர்களுக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக் கம்பி வழியாவே போற மின்சாரம்) மேசையில் இருக்கான்னு பாருங்க.

ஸ்பீக்கர் ரெண்டும் அவருக்குப் பக்கவாட்டில் ரெண்டு மூணு மீட்டர், கொஞ்சம் முன்னால, ரொம்ப உயரம் வேண்டாம். கூரையில் தொங்குற ஸ்பீக்கர்ல ரிவெர்ப் வந்தா செல்லோ கீழே, எதிரொலி மேலேன்னு பிரிஞ்சு கேட்கும். அந்தத் துண்டுக்கு ரெண்டும் ஒரே உடம்பிலிருந்து வர்ற மாதிரி இருக்கணும்.

லேப்டாப் அவருதா, உங்களுதான்னு முன்னாடியே எழுதி வாங்குங்க. மென்பொருளோட பதிப்பு எண், ஆடியோ இன்டர்ஃபேஸ் மாடல், மிதிகட்டை எந்த ஜாக், மூணும் வேணும். 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வச்சு அனுப்புற ஒலியோட அளவு) 128ன்னா ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட், பிரச்சினை இல்லை. 1024ன்னு மறந்து விட்டுட்டா 21 மில்லிசெகண்ட், வாசிக்கிறவருக்கு அது கையில் உறுத்தும். அறிவிப்பு, வைஃபை, திரைக்காப்பு எல்லாத்தையும் அணைச்சு வையுங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ‘பெட்டல்ஸ்’ மின்னணு இல்லாமலும் வாசிக்கலாம்னுதான் எழுதியிருக்கு. கடைசி நேரத்தில் லேப்டாப் மக்கர் பண்ணா நிகழ்ச்சியை நிறுத்த வேண்டாம்.

‘ப்ரெஸியோன்’ துண்டுக்கு நான் லேசா ஒலிபெருக்குவேன், மூணு நாலு டெசிபல். பின்வரிசைக்கு விரல் வழுக்கும் சத்தம் போய்ச் சேராது.

நாலாந்தந்தி

கடைசி வரியில் மட்டும் ஒலிமேசையோடு உடன்பட மாட்டேன். அந்தத் துண்டில் ஒலி பிறக்கும் இடத்தைக் கண் பார்க்கிறது, காது அதே இடத்திலிருந்து கேட்கிறது. ஸ்பீக்கர் ஒரு டெசிபல் முந்தினாலும் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். ஒலியைப் பெருக்குவதற்குப் பதில் நாற்காலியை நகர்த்துங்கள். தூரம் இரட்டிப்பானால் நேர் ஒலி 6 டெசிபல் குறையும். 120 பேரை நீளமாக உட்காரவைத்தால் கடைசி வரிசை 16 மீட்டரில் இருக்கும். மேடையைச் சுற்றி அரைவட்டமாகப் போட்டால் எட்டு மீட்டருக்குள் எல்லோரையும் அடக்கலாம். அந்த 6 டெசிபல் இலவசம்.

இன்னொன்று, அரங்கத்தின் சொந்தச் சத்தம். ஏசி, ப்ரொஜெக்டர் விசிறி, விளக்குகளின் முனகல் எல்லாம் சேர்ந்து 30, 35 டெசிபலுக்கு மேல் போனால் மெல்லிய பகுதிகள் மூழ்கிப்போகும். ப்ரொஜெக்டரை முன்வரிசைக்கு நடுவில் வைக்காதீர்கள்.

துதியேவை முழுதாக எடுக்க வேண்டியதில்லை. முதல் ஸ்ட்ரோஃப் மட்டும்தான் 1976இல் பிறந்தநாளுக்கு எழுதியது, மற்ற இரண்டும் 1982இல் சேர்ந்தவை. அதனால் முதலாவது தனியாக நிற்கும். இரண்டு கடினமான துண்டுகளுக்கு நடுவில் மூச்சுவிட ஏதாவது வேண்டும். பக்கம்புரட்டியின் நூல் அழகுதான், ஆனால் 90 நிமிடமும் ஒரே நூலில் தொங்கவிட்டால் அது பாடவகுப்பாகிவிடும்.

பக்கம்புரட்டி

பாடவகுப்பு என்று சொன்னதை ஏற்கிறேன். முதல் ஸ்ட்ரோஃப் மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை, சுருதி இறக்க நேரம் கிடைக்கும் இடத்தில் வைத்தால்.

மேடைப்பொறுப்பு

அருமை, நிறையக் கிடைத்துவிட்டது. இரண்டு சின்னக் கேள்வி. அவர் விமானத்தில் வருகிறார், செல்லோவுக்குத் தனி இருக்கை எடுத்துவிட்டோம். வேறு எதைப் பார்க்க வேண்டும்? ஏசியை வாசிப்பின்போது நிறுத்திவிடலாமா?

எண்ட்பின்

தனி இருக்கை எடுத்தாலும் எந்த இருக்கை என்பதை விமான நிறுவனத்திடம் உறுதி செய்ய வேண்டும். பொதுவாக ஜன்னலோரம்தான் தருவார்கள், அவசர வழி வரிசையில் அனுமதிக்க மாட்டார்கள். பெட்டியைக் கட்ட இருக்கைப் பட்டையின் நீட்டிப்பு தேவைப்படும். விமானத்தை மாற்றினால் இருக்கை அகலமும் மாறும், அதனால் இணைப்பு விமானத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தலாம், முழுவதும் தளர்த்தக் கூடாது. உள்ளே இருக்கும் ஒலித்தூண் வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது, தந்தி இழுவை போனால் அது சாய்ந்துவிடும். பிறகு செல்லோ ஊமைதான், அதை நிமிர்த்தப் பழுதுபார்ப்பவர்தான் வர வேண்டும்.

வில்லை மறக்க வேண்டாம். பழைய விற்களில் நுனித் தகடு யானைத்தந்தமாகவும், கைப்பிடித் துண்டு ஆமை ஓடாகவும் இருக்கலாம். எல்லை தாண்ட சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இசைக்கருவிச் சான்றிதழ் வேண்டும், அது மூன்று ஆண்டு வரை செல்லும். வில்லின் மரமான பெர்னாம்புகோவும் 2007 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கார்பன் ஃபைபர் வில் ஒன்றைக் கூடக் கொண்டுவரச் சொல்வது இரண்டு வகையில் நல்லது. காகிதத் தொல்லை இல்லை, ‘ப்ரெஸியோன்’ அழுத்தத்துக்கு விலையுயர்ந்த வில்லைப் பலிகொடுக்கவும் வேண்டாம்.

ஏசி: நிறுத்தி நிறுத்திப் போடாதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் ஒரே நிலையில் இருப்பதுதான் முக்கியம். காய்ந்தால் பிரடை நழுவும், ஈரமானால் பிரடை இறுகித் திருப்ப முடியாது, வில் மயிரும் நீண்டு தொய்யும். முன்கூட்டியே நன்றாகக் குளிரவைத்து, ‘ப்ரெஸியோன்’ ஓடும் ஒன்பது நிமிடம் மட்டும் விசிறியை நிறுத்துங்கள். காற்று நேராக மேடையில் விழும் துவாரத்தை மூடிவிடுங்கள். மேடை விளக்கு ஒத்திகையின்போதும் நிகழ்ச்சி அளவிலேயே எரியட்டும். சூட்டில் எஃகுத் தந்தி நீண்டு சுருதி இறங்கும், ஒத்திகையில் இருட்டில் சுருதி பார்த்தவர் நிகழ்ச்சியில் தடுமாறுவார்.

நாற்காலி கையில்லாதது, தட்டையான இருக்கை, பின்னோக்கிச் சரியாதது. உயரம் மாற்றக்கூடிய பியானோ பெஞ்ச் சிறந்தது. வழவழப்பான தரையில் எண்ட்பின் (செல்லோவைத் தாங்கும் அடிக்கம்பி) வழுக்கும், நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று இருக்கட்டும். உள்ளே வெற்றிடமான மரமேடை கிடைத்தால் போடுங்கள். எண்ட்பின் வழியாக அதிர்வு பலகைக்கு இறங்கி, கீழ் ஸ்வரங்கள் கொஞ்சம் கனக்கும். அதற்கு மேல் கம்பளம் விரித்தால் அந்தப் பயன் போய்விடும். பலகை ஆடுகிறதா என்று முதலில் மிதித்துப் பாருங்கள்.

ஒலிமேசை

கைவிரலைப் பெரிசாத் திரையில் காட்ட கேமரா வைப்பீங்கன்னு நினைக்கிறேன். கம்பியில் இணைங்க. கம்பியில்லாம அனுப்பினா படம் ஒலிக்குப் பின்னாடி வரும், வில் நின்ன பிறகு திரையில் வில் ஓடும். அப்புறம், செல்போன் மாதிரிக் கேமராக்கள் படத்தை வரிவரியாப் பதியும். அதில் சி தந்தி பாம்பு மாதிரி நெளியறது தெரியும். அதைக் காட்டி ‘தந்தி இப்படித்தான் அதிருது’ன்னு யாரும் விளக்கம் சொல்லிடக் கூடாது. அது கேமராவோட வேலை.

மேடைப்பொறுப்பு

இரண்டாவது செல்லோ கிடைத்துவிட்டது, மாணவர்கள் பயன்படுத்தும் வாத்தியம். விருந்தினரும் ஒப்புக்கொண்டார். இப்போதைய வரிசை: வில் அழுத்தச் செய்முறை 8 நிமிடம், குபைதுலினா இரண்டும் பேச்சும் 14, இரண்டாவது செல்லோவில் ‘ப்ரெஸியோன்’ பேச்சோடு 18, மேற்சுரச் செய்முறையும் ‘பெட்டல்ஸ்’ துண்டும் 22, கேள்வி நேரம் 20, மீதி எட்டு நிமிடம் கைவசம். துதியேவை இந்த முறை விட்டுவிட்டோம். ‘இதெல்லாம் இசையா’ என்று யாராவது கேட்டால் என்ன செய்வது?

பக்கம்புரட்டி

கேட்பார்கள், கேட்கட்டும். ‘எந்த ஒலியைச் சொல்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டு, அந்த ஒலியை மட்டும் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காகக் கேள்வி நேரத்தில் இரண்டு செல்லோவும் மேடையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் போகக் கூடாது. ஒவ்வொரு கேள்வியையும் நடத்துபவர் மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும், இல்லையென்றால் பதிவில் பதில்கள் மட்டும் கிடக்கும்.

நாலாந்தந்தி

வரிசை சரி. இரண்டாவது செல்லோவால் இன்னொரு லாபம், கிளிப் மைக்கை முதல் செல்லோவிலேயே நிரந்தரமாக விட்டுவிடலாம். ‘ப்ரெஸியோன்’ வாசிக்கும் வாத்தியத்தில் கிளிப் இருந்தால் கைக்குத் தடை, அதுவே ஒரு கிடுகிடுப்பாகவும் ஒலிக்கும்.

அந்த மாணவர் செல்லோவில் நான்கு விஷயம் பார்த்துவிடுங்கள். குதிரைக்குக் கீழே தந்தியில் ஓநாய்ஸ்வரத்தை (ஊளை போல நடுங்கி ஒலிக்கும் ஸ்வரம்) அடக்கும் பித்தளைக் குழாய் மாட்டியிருந்தால், அங்கே வில் போக இடம் இருக்குமா என்று அவரிடம் கேளுங்கள். குதிரையின் கால்கள் மேற்பலகையில் முழுதாக உட்கார்ந்து, டெயில்பீஸ் பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக நிற்கட்டும். அழுத்தி வாசிக்கும்போது முன்னால் சாய்ந்த குதிரை விழுந்துவிடும். இரண்டு நாள் முன்னாடியே ‘ப்ரெஸியோன்’ சுருதிக்கு இறக்கி அப்படியே விட்டுவிடுங்கள், நிகழ்ச்சியன்று தந்தி அசையாது. எண்ட்பின் நீளத்தை ஒத்திகையில் அவர் வைத்தவுடன் அந்த இடத்தில் சின்னதாக டேப் சுற்றிவிடுங்கள், மேடையில் அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

வாசிக்காத செல்லோவை நாற்காலியில் சாய்த்து வைக்காமல் பக்கவாட்டில் தரையில் படுக்கவையுங்கள், குதிரை மேடைச் சுவரைப் பார்த்து இருக்கட்டும். அதைச் சுற்றி ஒலிமேசையின் கேபிள் எதுவும் ஓடக் கூடாது.